ஸ்ட்ராட்டம் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது: காரைக்குடிப் பக்கத்துக் கடை, விடுதி, கல்லூரிகளுக்கான டைம் சர்வர் வழிகாட்டி

செக்காலை ரோட்டு நகைக்கடையோ கானாடுகாத்தான் விடுதியோ, எங்கே எடுத்துக்கொண்டாலும் நேரம் காட்டும் கருவிகள் நிறைய இருக்கும். பில்லிங் கணினி, கேமரா ரெக்கார்டர், கைரேகை வருகைப் பதிவு, ரவுட்டர் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம். படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 வினாடி தப்பும், மாதத்துக்கு 52 வினாடி. ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் ஆறே மாதத்தில் இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி விழுந்துவிடும். பில்லில் 11:42 என்று இருக்கும் விற்பனையைக் கேமராவில் தேடினால், அந்த நேரத்துக் கவுன்ட்டரில் வேறு ஆள் நிற்பார்.

இதற்கு மருந்து என்டிபி, அதாவது நெட்வொர்க் டைம் ப்ரோட்டோகால். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் வடிவமைத்து, 1985-ல் ஆர்எஃப்சி 958 என்ற இணைய வரையறை ஆவணமாக வெளிவந்த நெறிமுறை. இப்போது புழக்கத்தில் இருப்பது 2010-ன் ஆர்எஃப்சி 5905 சொல்லும் நான்காம் பதிப்பு. யூடிபி போர்ட் 123 வழியாக நேரம் கேட்கும், நேரம் சொல்லும். அதை அமைக்க உட்காரும் எல்லோரும் முதலில் பார்ப்பது ஸ்ட்ராட்டம் எண், அதாவது மூலக் கடிகாரத்திலிருந்து ஒரு சர்வர் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்ற எண். 1 என்றால் உசத்தி, 3 என்றால் மட்டம் என்று நினைத்து சர்வரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

அடுக்கு எப்படி எண்ணப்படுகிறது

சீசியம் அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் ரிசீவர், ரேடியோ கடிகாரம் போன்ற மூலக் கடிகாரங்கள் ஸ்ட்ராட்டம் 0. இவை நெட்வொர்க்கில் பேசுவதில்லை. இவற்றோடு ஒயர் மூலம் நேரடியாக இணைந்த கணினி ஸ்ட்ராட்டம் 1. அதனிடம் நெட்வொர்க் வழியாக நேரம் கேட்பது 2, அதனிடம் கேட்பது 3. இப்படி 15 வரை போகலாம். 16 என்றால் "என்னிடம் சரியான நேரம் இல்லை, என்னை நம்பாதே" என்று பொருள்.

எண்ணை யாரும் ஒதுக்கித் தருவதில்லை. உங்கள் சர்வர் இந்த நேரத்தில் யாரை மூலமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறதோ, அதன் எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். அதனால் காலையில் 2 என்றும் மதியம் 3 என்றும் காட்டினால் பழுது என்று பதற வேண்டாம். மூலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டி வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று உள்ளே போகிறோமே, அதில் எத்தனை நிலைவாசல் தாண்டினோம் என்ற கணக்குதான் ஸ்ட்ராட்டம். வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே எத்தனை அடி என்பது அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் எண் எதற்கு? முதல் வேலை, சுழலைத் தடுப்பது. 'அ' என்ற சர்வர் 'ஆ'விடம் கேட்க, 'ஆ' திரும்ப 'அ'விடமே கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று நம்பி எங்கேயோ மிதந்து போகும். இதைத் தடுக்க இரண்டு காவல்கள் உண்டு. ஒவ்வொரு பதிலிலும் ரெஃபரன்ஸ் ஐடி என்று நான்கு பைட் போகிறது. ஸ்ட்ராட்டம் 1 சர்வரில் அது ஜிபிஎஸ், பிபிஎஸ் (வினாடிக்கு ஒரு துடிப்பு) போன்ற, மூலத்தைச் சொல்லும் குறியீடு. 2-ம் அதற்குக் கீழும் மேலிடத்து சர்வரின் ஐபி முகவரி. ஐபிவி6 ஆனால் முகவரியின் எம்டி5 சுருக்கத்தில் முதல் நான்கு பைட். அங்கே தன் முகவரியையே பார்க்கும் சர்வர் ஒதுங்கிக்கொள்ளும். மூன்று சர்வர்கள் வட்டமாக மாட்டிக்கொண்டால் இந்தக் காவல் கண்டுபிடிக்காது. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் எண் ஏறி ஏறி 16-ஐத் தொட்டு வட்டம் தானாக உடையும்.

தூரத்தை அளக்கும் மூன்று எண்கள்

ஒரு கேள்வி பதிலில் நான்கு நேரமுத்திரைகள் கிடைக்கின்றன: நீங்கள் அனுப்பியது, சர்வர் வாங்கியது, சர்வர் அனுப்பியது, நீங்கள் வாங்கியது. மொத்தப் பயண நேரத்திலிருந்து சர்வர் வைத்திருந்த நேரத்தைக் கழித்தால் வலைத் தாமதம். போன வழிக்கும் வந்த வழிக்கும் ஒரே நேரம் ஆனது என்று எடுத்துக்கொண்டு கடிகார வித்தியாசம் கணக்கிடப்படுகிறது. அந்த ஊகம் பொய்த்தால் கணக்கும் பொய்க்கும். கேமராப் பதிவுகள் மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது அப்லோட் நெரிசலாகி, போக 50 மில்லிவினாடி, வர 10 மில்லிவினாடி ஆனது என்று வையுங்கள். உங்கள் கடிகாரம் துல்லியமாகவே ஓடினாலும் 20 மில்லிவினாடி பின்தங்கியிருப்பதாகத் தெரியும். மென்பொருள் அதை முன்னே தள்ளிவிடும். பிழை எவ்வளவு போனாலும் மொத்தத் தாமதத்தில் பாதியைத் தாண்டாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

அந்தப் பாதியிலிருந்துதான் உண்மையான தூரம் பிறக்கிறது. மூலக் கடிகாரம் வரைக்குமான மொத்த வலைத் தாமதம் ரூட் டிலே. வழியில் சேரும் கடிகார நிச்சயமின்மை ரூட் டிஸ்பெர்ஷன். ரூட் டிலேயில் பாதியோடு ரூட் டிஸ்பெர்ஷனைக் கூட்டினால் ரூட் டிஸ்டன்ஸ். இந்த சர்வர் அதிகபட்சம் எவ்வளவு தப்பாக இருக்க முடியும் என்பதற்கான எல்லை அது.

ஓர் உதாரணக் கணக்கு. கடல் கடந்து இருக்கும் ஸ்ட்ராட்டம் 1 சர்வர்: போய்வர 180 மில்லிவினாடி, டிஸ்பெர்ஷன் 1. தூரம் 90 + 1, அதாவது 91 மில்லிவினாடி. நம் நாட்டுக்குள் இருக்கும் ஸ்ட்ராட்டம் 2 சர்வர்: போய்வர 24, அதன் சொந்த ரூட் டிலே 4, டிஸ்பெர்ஷன் 3. தூரம் 12 + 2 + 3, அதாவது 17 மில்லிவினாடி. எண்ணில் ஒரு படி கீழே இருப்பது நம்பகத்தில் ஐந்து மடங்கு மேலே நிற்கிறது. என்டிபியை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான க்ரோனி இந்தத் தூரத்தோடு ஒரு ஸ்ட்ராட்டத்துக்கு 1 மில்லிவினாடி வீதம்தான் அபராதம் போடுகிறது. 92-க்கு எதிரே 19, இரண்டாவதே ஜெயிக்கும். ஆர்எஃப்சி 5905-ன் வரிசைப்படுத்தலில் ஸ்ட்ராட்டத்துக்கு இதைவிட எடை மிக அதிகம். என்டிபிடி என்ற பழைய மென்பொருளும் க்ரோனியும் ஒரே பட்டியலிலிருந்து வேறு வேறு சர்வரை எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

தூரத்துக்கும் முன்னே ஒரு சல்லடை இருக்கிறது. ஒவ்வொரு மூலமும் "உண்மை நேரம் இந்த எல்லைக்குள் இருக்கிறது" என்று ஓர் இடைவெளியைச் சொல்கிறது. பெரும்பான்மை இடைவெளிகள் வெட்டிக்கொள்ளும் பகுதிக்கு வெளியே நிற்பது பொய்க்கடிகாரம் என்று தள்ளப்படும், அது ஸ்ட்ராட்டம் 1 ஆக இருந்தாலும் சரி. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் ஸ்ட்ராட்டம் 1 சர்வர்கள் சிறிது நேரம் 2000-ம் ஆண்டைச் சொல்லின. அவற்றை மட்டும் நம்பியிருந்த நெட்வொர்க்குகள் பின்னோக்கிக் குதித்தன. கூடவே மூன்று வேறு மூலங்களை வைத்திருந்தவர்களுக்கு ஒரு மூலம் ஒதுக்கப்பட்டதோடு சரி.

படி 1: மூலங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு மூலம் இருந்தால் அது தப்பினாலும் தெரியாது. இரண்டு இருந்து முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. மூன்றில் ஒன்று பொய் சொன்னால் சமாளிக்கலாம். நான்கு இருந்தால் ஒன்று படுத்துவிட்டாலும் மூன்று மிஞ்சும். ஆகவே நான்கு அல்லது ஐந்து.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு வரிசை தெளிவு. காரைக்குடி சிக்ரி எந்த சிஎஸ்ஐஆர் குடும்பமோ அதே குடும்பத்தைச் சேர்ந்த டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் (என்பிஎல்) இந்திய நேரத்தைப் பராமரிக்கிறது. அதன் சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க். தேசிய தகவலியல் மையத்தின் (என்ஐசி) சர்வர்கள் சமய்1.நிக்.இன், சமய்2.நிக்.இன். இவற்றோடு, பலர் பொதுப் பயன்பாட்டுக்குத் தரும் சர்வர்களின் தொகுப்பான இந்தியப் பூலிலிருந்து இரண்டு: 0.இன்.பூல்.என்டிபி.ஆர்க், 1.இன்.பூல்.என்டிபி.ஆர்க்.

முதல் மூன்றைச் சேர்க்கச் சட்டரீதியான காரணமும் உண்டு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்கள், தரவு மையங்கள், கார்ப்பரேட் அமைப்புகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் என்ஐசி அல்லது என்பிஎல் சர்வரோடோ, அவற்றிலிருந்து வழிவந்த சர்வரோடோ நேரத்தை ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். உங்கள் உள் சர்வர் மேற்படி மூன்றிலிருந்து நேரம் எடுத்தால், கீழே இருக்கும் எல்லாக் கருவிகளும் அந்த வழியில் வந்துவிடும்.

கூகுளின் பொது டைம் சர்வரை இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட எப்போதாவது சேர்க்கும் லீப் வினாடி வந்தால் அது 24 மணி நேரத்துக்குப் பரப்பிக் கரைத்துவிடும். மற்றவை ஒரே இடத்தில் ஒரு வினாடி சேர்க்கும். அன்று முழுவதும் இரண்டு தரப்பும் முரண்படும். கடைசி லீப் வினாடி நமக்கு 2017 ஜனவரி 1 அதிகாலை 5:29:60 ஆக வந்தது. 2035-க்குள் அந்த வழக்கத்தை நிறுத்த 2022-ல் முடிவாகியிருக்கிறது.

படி 2: உள்ளே ஒரே ஒரு சர்வர்

ஒவ்வொரு கேமராவும் தனித்தனியாக வெளியே போய் நேரம் கேட்க வேண்டியதில்லை. 2003-ல் ஒரு ரவுட்டர் நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சர்வர் முகவரியைத் தன் ரவுட்டர்களுக்குள் நிரந்தரமாக எழுதிவைத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கையே திணறடித்தது. வெளியே ஒரு கருவி கேட்கட்டும், உள்ளே எல்லோரும் அதனிடம் கேட்கட்டும். மதில் கனத்த வளவு வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் வைஃபை ஒழுங்காக எட்டாது என்பதும் இதற்கு ஒரு காரணம். டைம் சர்வர் ஒயரில் இருந்தால் இன்டர்நெட் இழுத்துப் பறித்தாலும் உள் நேரம் ஒத்திருக்கும்.

எப்போதும் ஓடும் லினக்ஸ் கணினி ஒன்று போதும். ராஸ்பெரி பை கூடத் தாங்கும். விர்ச்சுவல் மெஷினில் வைக்காதீர்கள். க்ரோனி பேக்கேஜை நிறுவி, ஈடிசி கோப்புறைக்குள் க்ரோனி என்ற கோப்புறையில் இருக்கும் க்ரோனி.கான்ஃப் கோப்பைத் திறங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம், டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்.) ஏற்கெனவே இருக்கும் பூல் வரிகளை நீக்கிவிட்டு எழுத வேண்டியவை:

சர்வர் சமய்1.நிக்.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்2.நிக்.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க் ஐபர்ஸ்ட்
சர்வர் 0.இன்.பூல்.என்டிபி.ஆர்க் ஐபர்ஸ்ட்
சர்வர் 1.இன்.பூல்.என்டிபி.ஆர்க் ஐபர்ஸ்ட்
மேக்ஸ்டெப் 1.0 3
ஆர்டிசிசிங்க்
அலவ் 192.168.1.0/24

ஐபர்ஸ்ட் இருந்தால் தொடக்கத்தில் சில கேள்விகளை இரண்டு வினாடி இடைவெளியில் அடுக்கடுக்காக அனுப்பி, சட்டென்று நேரம் பிடிக்கும். மேக்ஸ்டெப் வரி (மேக், ஸ்டெப் இரண்டும் சேர்ந்த சொல்), முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குதிக்க அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் நகர்த்தும்; ஓடிக்கொண்டிருக்கும் பில்லிங் டேட்டாபேஸில் நேரம் பின்னோக்கிக் குதித்தால் வரும் வினையை நினைத்தால் இது ஏன் என்று புரியும். ஆர்டிசிசிங்க், 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தை வன்பொருள் கடிகாரத்தில் எழுதும். அலவ் வரியை மறந்தால் க்ரோனி யாருக்கும் பதில் சொல்லாது. சர்வர் பச்சைப் பசேலென்று ஓடும், கேமரா எல்லாம் "தோல்வி" என்று காட்டும். அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. உங்கள் நெட்வொர்க்கின் ஐபி வரிசை வேறாக இருந்தால் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரவுட்டரில் 123-ம் போர்ட்டை வெளியிலிருந்து உள்ளே திறக்காதீர்கள். சிறிய கேள்விக்குப் பெரிய பதில் சொல்லும் பழைய என்டிபி சர்வர்களை வைத்துத் தாக்குதல் நடத்துவது நன்கு தெரிந்த வித்தை.

படி 3: வெளியீட்டைப் படியுங்கள்

பத்து நிமிடம் ஓடவிட்டு "க்ரோனிசி சோர்சஸ்" கொடுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு குறிகள். முதலாவது கூரைக் குறி என்றால் நெட்வொர்க் சர்வர், பவுண்டுக் கட்டக் குறி என்றால் உடனிணைந்த மூலக் கடிகாரம். இரண்டாவதுதான் முக்கியம்: நட்சத்திரம் இப்போதைய மூலம், கூட்டல் அதனோடு சேர்த்துக் கணக்கில் எடுத்தது, கழித்தல் நல்லதுதான், ஆனால் சேர்க்கவில்லை, பெருக்கல் போன்ற எழுத்து பொய்க்கடிகாரம், அலைக் குறி ஆட்டம் அதிகம், கேள்விக்குறி பதிலே இல்லை அல்லது இன்னும் ஏற்கப்படவில்லை.

போல் நிரலில் 6 என்றால் 2-ன் ஆறாம் அடுக்கு, 64 வினாடிக்கு ஒரு கேள்வி. 10 என்றால் 1024 வினாடி. நேரம் நிலைபெற நிலைபெற இது தானாக ஏறும். இறக்கி வைக்க மெனக்கெட வேண்டாம்.

ரீச் நிரலைப் பலர் சதவீதம் என்று நினைக்கிறார்கள். அது எட்டடிமான எண். கடைசி எட்டு கேள்விகளுக்கும் பதில் வந்தால் 377. 376 என்றால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. 0 என்றால் ஒன்றுமே வரவில்லை. 377-க்கும் 357-க்கும் இடையே அலைந்தால் லைன் சரியில்லை என்று பொருள்; சர்வரைக் குற்றம் சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்.

அடுத்து "க்ரோனிசி ட்ராக்கிங்". ஸ்ட்ராட்டம் வரியைக் கடந்து கீழே வாருங்கள். சிஸ்டம் டைம் வரியில் இருக்கும் வித்தியாசம், ரூட் டிஸ்பெர்ஷன், ரூட் டிலேயில் பாதி, மூன்றையும் கூட்டினால் உங்கள் கடிகாரத்தின் அதிகபட்சப் பிழை. காரைக்குடியில் சாதாரண ஃபைபர் இணைப்பில் இது சில பத்து மில்லிவினாடிகளுக்குள் அடங்கினால் கேமராவுக்கும் பில்லுக்கும் தாராளம். ஃப்ரீக்வென்சி வரி படிகம் எவ்வளவு பிசகுகிறது என்று சொல்லும். பெட்டியை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்தால் சித்திரை மதியத்திலும் விடியற்காலையிலும் இந்த எண் வேறு வேறாக இருக்கும். க்ரோனி துரத்திக்கொண்டே இருக்கும். உள்கட்டில் வெப்பம் ஏறி இறங்காத ஓர் அலமாரி எந்த விலையுயர்ந்த பெட்டியையும் விட நல்லது.

படி 4: கருவிகளைக் கட்டுங்கள்

விண்டோஸ் தனிக் கணினியில் கன்ட்ரோல் பேனல், டேட் அண்ட் டைம், இன்டர்நெட் டைம் பக்கத்தில் உள் சர்வரின் ஐபி முகவரி. விண்டோஸ் டைம் சேவையைத் தானியங்கித் தொடக்கத்துக்கு மாற்றுங்கள். கட்டளைத் திரையில் "டபிள்யூ32டிஎம் /குவெரி /ஸ்டேட்டஸ்" கொடுத்தால் ஸ்ட்ராட்டமும் மூலமும் தெரியும். கல்லூரிகளில் விண்டோஸ் டொமைன் இருந்தால், அதில் மற்றவற்றுக்கு நேரம் தரும் பிடிசி எமுலேட்டர் சர்வரை மட்டும் உங்கள் டைம் சர்வருக்குத் திருப்புங்கள். மற்றவை அதனிடமே கேட்டுக்கொள்ளும்.

கேமரா ரெக்கார்டரில் என்டிபியை இயக்கி ஐபி கொடுங்கள். பல ரெக்கார்டர்கள் தங்கள் கேமராக்களுக்குத் தாங்களே நேரத்தைத் தள்ளும். அப்படி இருந்தால் கேமராவில் என்டிபியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு எஜமானர்கள் மாறி மாறித் திருத்துவார்கள். கைரேகைக் கருவிகள் பல, கணினியில் இருக்கும் வருகைப் பதிவு மென்பொருளிடமிருந்து நேரம் எடுக்கும். அந்தக் கணினியை முதலில் சரி செய்யுங்கள்.

பிழை மிகச் சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் டைம் சர்வரைத் தொடவே வேண்டாம். என்டிபி எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் சுமந்து வரும். கருவியின் டைம் ஸோன் 5:30-க்கு அமையவில்லை.

மின்தடை நாள்

இதுதான் நம் பக்கத்தில் அதிகம் படுத்தும் விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் போய் மாலை 5 மணிக்கு வருகிறது. யூபிஎஸ் சில நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழும். ராஸ்பெரி பை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். ஃபைபர் மோடம் இணைப்பு பிடிக்க இன்னும் நேரம் ஆகும். ராஸ்பெரி பை 5-க்கு முந்தைய மாடல்களில் வன்பொருள் கடிகாரமே இல்லை. 5-ல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்டினால்தான் வேலை செய்யும். கடிகாரம் இல்லாத பை, கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அதன் மனதில் மணி இன்னும் காலை 9.

இந்த இடத்தில் க்ரோனி "எனக்கு நேரம் தெரியாது" என்றுதான் சொல்லும், கேமராக்களும் காத்திருக்கும். ஆனால் இணையம் இல்லாதபோதும் உள்ளே நேரம் கிடைக்கட்டும் என்று "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10" என்ற வரியை யாராவது சேர்த்திருந்தால், அந்தக் காலை 9 மணியையே அது எல்லோருக்கும் விநியோகிக்கும். ரெக்கார்டர் எட்டு மணி நேரம் பின்னே குதித்து, தவறான நேரத்தில் பதிவு செய்யத் தொடங்கும். இணையம் வந்தபின் மறுபடி முன்னே குதிக்கும்.

அந்த வரி கெட்டது என்று சொல்லவில்லை. இணையம் நாள் கணக்கில் இல்லாத இடத்தில் அது தேவை. அதற்கு முன் டிஎஸ்3231 சிப் கொண்ட கடிகாரப் பலகை ஒன்றை இணையுங்கள். 3.3 வோல்ட்டுக்கு பின் 1, தரவுக்கு 3, கடிகாரத்துக்கு 5, தரைக்கு 6. கான்ஃபிக் கோப்பில் "டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231". இந்தச் சிப் 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குதான் தப்பும். எட்டு மணி நேரத்தில் 0.06 வினாடிக்கும் குறைவு. மலிவான பலகைகளில் ரீசார்ஜ் பேட்டரிக்கான சார்ஜிங் சுற்று இருக்கும். அவற்றில் சாதாரண சிஆர்2032 பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பும். 3.3 வோல்ட்டே கொடுங்கள்.

எண்ணை 10-லிருந்து குறைக்காதீர்கள். "லோக்கல் ஸ்ட்ராட்டம் 1" என்று எழுதிவைத்தால், உண்மையான மூலம் எதுவும் இல்லாத பெட்டி முதல் அடுக்கு வேஷம் போடும். எண்ணை மதிக்கும் கருவிகள் அதன் பின்னாலேயே போகும்.

சொந்தமாக ஸ்ட்ராட்டம் 1 வேண்டுமா?

கடைக்கும் விடுதிக்கும் வேண்டாம். மின்கட்டமைப்பு, ஆய்வகக் கருவிகள், இணையமே இல்லாத வளாகம் போன்ற இடங்களுக்கு வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் செய்துபார்க்கவும் நல்ல வேலை.

வாங்கும்போது ஒரே விதி: ரிசீவர் பலகையில் பிபிஎஸ் என்று எழுதிய முனை வெளியே வந்திருக்க வேண்டும். வினாடிக்கு ஒரு துடிப்பு அதிலிருந்து வரும். யுஎஸ்பியில் செருகும் மலிவு ஜிபிஎஸ்ஸில் பெரும்பாலும் அது கிடையாது. சீரியல் வழியாக வரும் நேர வாக்கியம் 9600 பாட் வேகத்தில் நூறு மில்லிவினாடிக் கணக்கில் தாமதித்து வரும், தாமதமும் ஆடும். க்ரோனி அதையும் ஸ்ட்ராட்டம் 1 என்றே காட்டும். பக்கத்து ஸ்ட்ராட்டம் 3 சர்வர் அதைவிடப் பத்து மடங்கு துல்லியமாக இருக்கும்.

இணைப்பு: மின்சாரமும் தரையும், ரிசீவரின் டிஎக்ஸ் பையின் பின் 10-க்கு, பிபிஎஸ் பின் 12-க்கு, அதாவது ஜிபிஐஓ 18. ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் லாகினை அணைத்து, சீரியல் போர்ட்டை மட்டும் இயக்குங்கள். "டிடிஓவர்லே=பிபிஎஸ்-ஜிபிஐஓ,ஜிபிஐஓபின்=18" சேர்த்து மறுதொடக்கம். "பிபிஎஸ்டெஸ்ட்" வினாடிக்கு ஒரு வரி காட்ட வேண்டும். ரிசீவரைப் படிக்கும் மென்பொருளான ஜிபிஎஸ்டியை மைனஸ் என் விருப்பத்தோடு ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது கேட்கும் வரை ரிசீவரைத் திறக்காது. க்ரோனியில் சீரியல் மூலத்துக்கு நோசெலக்ட் (நேரடியாகத் தேர்ந்தெடுக்காதே) போட்டு, பிபிஎஸ் மூலத்தை அதனோடு லாக் செய்யுங்கள். துடிப்பு வினாடி எங்கே தொடங்குகிறது என்று மட்டும் சொல்லும், எந்த வினாடி என்று சொல்லாது. சீரியல் நேரம் அரை வினாடிக்கு நன்றாகக் கீழே திருத்தப்பட்டிருந்தால்தான் எண்ணிக்கை சரியாக விழும். இங்கே ஆஃப்செட்டை, அதாவது சீரியல் நேரம் வழக்கமாகப் பிந்தும் அளவை, கணிக்காமல் விட்டால் முழு ஒரு வினாடி தப்பாக, ஆனால் மைக்ரோவினாடித் துல்லியத்தோடு ஓடும் விநோதமான சர்வர் கிடைக்கும். அதைப் பிடிக்கத்தான் படி 1-ன் நெட்வொர்க் மூலங்களை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

ஆன்டெனாவை முற்றத்தில் வைக்கத் தோன்றும். நான்கு பக்கமும் உயர்ந்த சுவரும் மேலே இரும்புக் கம்பி வலையும் இருக்கும் வளவு முற்றத்தில் வானம் ஒரு சதுரம்தான். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரே இடம். வெளிநாட்டுக் கையேடுகள் தெற்கு வானம் திறந்திருக்கட்டும் என்பது அவர்கள் வடக்கே வெகுதூரத்தில் இருப்பதால். நாம் 10 டிகிரி வடக்கில் இருக்கிறோம், செயற்கைக்கோள்கள் எல்லாத் திசையிலும் வரும். சுற்றிலும் திறப்பாக இருந்தால் போதும். கேபிள் தாமதம் மீட்டருக்கு சுமார் 5 நானோவினாடி. பத்து மீட்டருக்கு 50. பையின் சொந்த ஆட்டமே மைக்ரோவினாடிக் கணக்கில் இருப்பதால் அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். ஐப்பசி இடிமழைக்குக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டரும் நல்ல எர்த்தும் கட்டாயம். ரிசீவர் போனால் போகட்டும், அந்த ஒயர் வழியாக ஸ்விட்சும் ரெக்கார்டரும் போகக் கூடாது.

முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் வரும் நேரத்தை உடனே நம்பாதீர்கள். ஜிபிஎஸ் நேரம் யூடிசியைவிட 18 வினாடி முன்னே ஓடுகிறது. அந்த வித்தியாசம் செயற்கைக்கோள் செய்தியில் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை ரிசீவர் தனக்குள் பதித்த பழைய எண்ணை வைத்துக் கணக்கிடும். சில வினாடிகள் தள்ளி நிற்கலாம். பழைய ரிசீவர் இருபது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னே போன தேதி காட்டினால், ஜிபிஎஸ்ஸின் 1024 வார எண்ணிக்கை சுற்றிக்கொண்டதன் விளைவு அது. கடைசிச் சுற்று 2019 ஏப்ரல் 6 அன்று. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இல்லையென்றால் அந்த ரிசீவரைத் தூக்கிப் போடுங்கள்.

சரியாக வராதபோது

எல்லா மூலங்களுக்கும் ரீச் 0 என்றால் யூடிபி 123 வழியில் அடைபட்டிருக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். அங்கே வேலை செய்தால் ரவுட்டர் ஃபயர்வாலோ இணைய நிறுவனமோ காரணம். பழைய என்டிபிடி கேள்வியையும் 123-லிருந்தே அனுப்பும், க்ரோனி வேறு போர்ட்டிலிருந்து அனுப்பும். சில இணைப்புகளில் முதலாவது தோற்று இரண்டாவது ஜெயிப்பது இதனால்தான்.

எல்லா மூலங்களும் ஒரே அளவு, ஒரே பக்கம் தள்ளித் தெரிந்தால் உங்கள் லைனின் அப்லோட் நெரிசலைப் பாருங்கள். மேகச் சேமிப்பு பேக்கப்பைப் பின்னிரவுக்கு மாற்றினாலே பல இடங்களில் சரியாகிவிடும். ஒரு மூலம் மட்டும் தள்ளியிருந்தால் அந்த மூலத்தை மாற்றுங்கள்.

என்டிபிடி ஓடும் பழைய சர்வர் எழுந்த கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுபோனால், நேரம் 1000 வினாடிக்கு மேல் தப்பியிருக்கிறது. அவ்வளவு தப்பை அது திருத்தாது, வெளியேறிவிடும். பெரும்பாலும் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். பேட்டரியை மாற்றி, கையால் நேரம் வைத்து, பிறகு சேவையைத் தொடங்குங்கள். ஸ்ட்ராட்டம் 16 என்று காட்டி அசையாமல் நிற்கும் கருவியில் முதலில் பார்க்க வேண்டியதும் இதே பேட்டரியும் அலவ் வரியும்தான்.